விற்றவருக்குப் பொறுப்பில்லையா?

2024 மே மாதம் புணே நகரின் கல்யாணி நகர் பகுதியில், மது அருந்திவிட்டுக் காரை ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 17 வயதுச் சிறுவனால் இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் உயிரிழந்தனர். 300 சொற்களில் கட்டுரை எழுதுமாறு கூறி அச்சிறுவனுக்குப் பிணை வழங்கப்பட்டது நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது. அந்தச் சர்ச்சைக்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. அவனுக்கு மது பரிமாறிய மதுக்கூடங்களைச் சேர்ந்தவர்களும் கைது செய்யப்பட்டனர்.

விற்றவர் மீது சட்டத்தின் கை நீண்டது உண்மைதான். ஆனால், அதற்குக் காரணம் வாங்கியவரின் வயது. அவர் உரிய வயதை எட்டியவராக இருந்திருந்தால், எத்தனை கோப்பை பரிமாறப்பட்டது, எந்த நிலையில் வெளியே சென்றார், கையில் வாகனச் சாவி இருந்ததா என்று எவரும் விற்றவரைக் கேட்டிருக்கப் போவதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கே ரூ.10,000 அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இந்தத் தண்டனை முழுவதும் ஓட்டுநருக்கே உரியது. அதில் தவறில்லை, குடித்தது அவர், ஓட்டியதும் அவர். ஆனால், அவரோடு பொறுப்பு முடிந்துவிடுகிறதா என்பதே என் கேள்வி.

ஒரு பொருளின் விலையில் அடங்காமல் மூன்றாம் மனிதர் தலையில் விழும் செலவைப் 'புறவிளைவு' என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். மதுவைவிடத் தெளிவான உதாரணம் அதற்குக் கிடைப்பது அரிது. விபத்தைக் குறைந்த செலவில் தவிர்க்கக் கூடியவர் யாரோ அவர் மீது பொறுப்பை வைக்க வேண்டும் என்று, 1970-இல் வெளியான விபத்துகளின் செலவு குறித்த நூலில் அமெரிக்கச் சட்ட அறிஞர் கைடோ கலப்ரேசி வாதிட்டார். போதையில் முதலில் பறிபோவது நிதானம். அந்த மேஜையருகே நிதானத்துடன் இருப்பவர் பரிமாறுபவர் மட்டுமே.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், கண்கூடாகப் போதையில் இருப்பவருக்கு மேலும் மது விற்றவரிடம் பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கோர முடியும். கனடாவில், போதை ஏறிய வாடிக்கையாளரை ஒரு விடுதி நெடுஞ்சாலையோரம் வெளியேற்றியது. அவர் மீது கார் மோதியது. குடித்தவர், கார் ஓட்டியவர், விடுதி ஆகிய மூவருக்கும் பொறுப்பைச் சமமாகப் பகிர்ந்த தீர்ப்பை 1973-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஓட்டுநரின் பொறுப்பு ஒருவருடையது, விற்றவரின் பொறுப்பு வேறொருவருடையது என்ற தெளிவு அதில் உண்டு.

தமிழ்நாட்டில் இக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. 2003 முதல் இங்கு மதுவின் சில்லறை விற்பனையாளர் அரசு நிறுவனமான டாஸ்மாக். 2024-25-இல் அரசுக்கு இதன்வழி கிடைத்த வருவாய் ரூ.48,000 கோடிக்கும் அதிகம். விற்பதும், வரி பெறுவதும், சாலையில் நின்று ஊதச் சொல்வதும், அடிபட்டவருக்குச் சிகிச்சை அளிப்பதும் ஒரே அரசுதான். விற்பனைக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை நீதிமன்றம் ஏற்கெனவே அங்கீகரித்துள்ளது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில்தான், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் நகராட்சிப் பகுதிகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கும், நெடுஞ்சாலைகளை உள்ளூர்ச் சாலைகளாகப் பெயர் மாற்றிய மாநிலங்களின் சாமர்த்தியமும் அதன் வீரியத்தைக் குறைத்தன.

புட்டியை வாங்கி வீட்டுக்குக் கொண்டு செல்பவர் எப்போது குடிப்பார் என்பது கடைக்காரருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எனவே, கடையையும் மதுக்கூடத்தையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

மதுக்கூடத்தில் நிலைமை கண்ணெதிரே இருக்கிறது. தள்ளாடுபவருக்கு மேலும் பரிமாற மறுப்பதும், அவர் வண்டியை எடுக்காமல் தடுக்க முயல்வதும் உரிம நிபந்தனையாக வேண்டும். மீறினால் இழப்பீட்டில் ஒரு பங்கு அவர்களைச் சேர வேண்டும்.

கடை விற்பனைக்குத் தீர்வு வேறு. ஒவ்வொரு புட்டியின் விலையிலும் ஒரு சிறு தொகையைச் சேர்த்து, மதுபோதை விபத்துகளில் பாதிக்கப்படுவோருக்கான தனி நிதியாக்கலாம். காப்பீடு இல்லாத வாகனம் மோதி, ஓட்டுநரிடமும் சொத்து இல்லாதபோது, தீர்ப்பாயத்தின் ஆணை வெறும் காகிதமாகிவிடுகிறது. அத்தகைய குடும்பங்களுக்கு இந்நிதி உடனே உதவும். குடிக்காதவரின் வரிப்பணமும் இதற்குத் தேவையில்லை. காலிப் புட்டிகளைத் திரும்பப் பெற நீலகிரியில் புட்டிக்கு ரூ.10 கூடுதலாக வசூலித்துத் திருப்பித் தரும் முறை 2022 முதல் நடைமுறைக்கு வந்தது. காலிப் புட்டிக்குக் கணக்கு வைக்க முடிந்த நிர்வாகத்துக்கு இது இயலாத காரியம் அல்ல.

இதனால் ஓட்டுநரின் குற்றம் ஓர் இம்மியும் குறையாது. ஆனால், லாபத்தில் பங்கு உண்டு, இழப்பில் பங்கு இல்லை என்ற வணிகத்தைத் தனியார் செய்தால் கண்டிக்கிறோம். அரசே செய்யும்போது அதை வருவாய் என்று அழைக்கிறோம். அடுத்த நிதிநிலை அறிக்கையில் மது வருவாயைக் குறிக்கும் வரிக்குக் கீழே, அதனால் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கு வழங்கிய தொகையும் இடம்பெறட்டும்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)