முதலில் யாரிடம் சொல்வது?

குடுமியான்மலையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, அடுப்பில் உலை வைத்ததையே மறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் போய்வரும் சிகாநாதசுவாமி கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார். "வயசானா அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். பொறுக்க முடியாத ஒருநாளில் மகன் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ அழைத்துப் போவார். பரிசோதனை முடிந்ததும், "அம்மா கொஞ்சம் வெளியே உட்காரட்டும்" என்பார் டாக்டர். மகனிடம் 'டிமென்ஷியா' என்று சொல்லப்படும். அம்மாவிடம் 'சத்து மாத்திரை' என்று சொல்லப்படும்.

தமிழ்நாடு முழுக்கப் பழகிப்போன வழக்கம் இது. இதில் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த அன்பு பறித்துக்கொள்வது சின்ன விஷயமல்ல. மறதிநோய் ஒரே நாளில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவதில்லை. ஆரம்பக் கட்டத்தில் நிலம் யாருக்கு, யார் வீட்டில் இருப்பது, பேங்க் கணக்கை யார் பார்ப்பது என்று அவராலேயே முடிவுசெய்ய முடியும். மறைத்த மாதங்கள் ஓடிய பிறகு மிஞ்சுவது பத்திரத்தில் ஒரு கைநாட்டும், அதன்மீது பிள்ளைகளின் வழக்கும்தான். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டசை அல்சைமர் என்ற மறதிநோய் முடக்கிய பிறகு, யார் பராமரிப்பது என்று மனைவியும் சகோதரர்களும் 2010இல் டெல்லி உயர் நீதிமன்றப் படியேறினார்கள்.

எதை வைத்து நோய் இருக்கிறது என்று சொல்கிறோம் என்பதிலும் ஒளிவுமறைவு கூடாது. நினைவாற்றலை அளக்கப் பரவலாகப் புழங்கும் எம்.எம்.எஸ்.இ. சோதனை, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். ஒரு வயலுக்கு எத்தனை நாற்றுமுடி, எத்தனை ஆள் கூலி என்று மனக்கணக்காகவே சொல்பவர்கூட, பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் என்றால் நோய் இல்லாமலேயே இதில் தோற்றுப்போகலாம்.

நோய் இருந்தும் தப்பிப்போவதும் உண்டு. 2008இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட, '10/66' என்ற டிமென்ஷியா ஆய்வில், அமெரிக்க அளவுகோலின்படி இந்தியக் கிராமப்புறத்தில் 65 வயதைத் தொட்டவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத்தான் டிமென்ஷியா. படிப்பறிவு குறுக்கிடாதபடி வகுத்த அளவுகோலை வைத்ததும், அதே மக்களிடம் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. எதை வைத்து அளந்தோம் என்று டாக்டர் சொல்லியாக வேண்டும். பி12 குறைவும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வும்கூட மறதி தரும். அவற்றுக்கு மருந்து உண்டு. அவற்றைப் பார்த்தாகிவிட்டதா என்றும் சொல்ல வேண்டும்.

நோயைக் கண்டறிவதில் காசும் குறுக்கே வரும். இங்கிலாந்தில் 2014இல், கண்டறியும் ஒவ்வொரு டிமென்ஷியா நோயாளிக்கும் குடும்ப டாக்டருக்கு 55 பவுண்டு என்று அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அறிவித்தது. நோயாளியின் தலைக்கு விலையா என்று டாக்டர்களே கொதித்தார்கள். 2015 மார்ச்சோடு திட்டம் நின்றது. இந்தியாவில் நோயாளியை அனுப்பிவைக்கக் கமிஷன் வாங்குவதை 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலைக் கடுமையாகக் குலைக்கும் கோளாறுகளையும் கணக்கில் எடுக்கிறது. தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று தெளிவோடு இருக்கும்போதே எழுதிவைக்க அதில் இடமுண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டுப் படியேறுகிறார்கள். அவர்கள் பையில், அப்படி எழுதிவைப்பதற்கான படிவத்தையும் தமிழில் அச்சடித்துக் கொடுத்தனுப்ப அரசு உத்தரவிட வேண்டும். மகனை விட்டுவிட்டு அந்த அம்மாவிடமே உட்கார்ந்து பேசவும் ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும்.