ஃப்ரெஷர்ஸ் டேவுக்குப் போகாத தங்கைக்கு

போன வருடம் ஒரு ராத்திரி, பத்து மணிக்கு மேல் இருக்கும், ஒரு தங்கை போன் செய்தாள். நான் வேலை செய்யும் பகுதியில் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி, அரசுப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

“அக்கா, நாளைக்கு ஃப்ரெஷர்ஸ் டே. நான் போகல. ரூம்லயே இருந்துக்கறேன். தப்பா?”

என்ன ஆச்சு என்று கேட்டேன். ஆளுக்கு 1,800 ரூபாய் வசூல். எல்லாரும் ஒரே கலரில் உடை வாங்க வேண்டும், அது தனிச் செலவு. ஆனால் பணம் மட்டும் காரணமில்லை. முந்தின வாரம் சீனியர்கள் ‘இன்ட்ரோ’ என்று கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்திருக்கிறார்கள். பெயர், ஊர், நீட் மார்க் சொல்ல வேண்டும். இவள் மார்க்கைச் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு குரல்: “எந்தக் கோட்டா?” சிரிப்பு. அவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை, சாதிப் பெயரைச் சொல்லவில்லை. புகார் எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட எழுத முடியாது.

நான் அவளுக்குச் சொன்ன பதில் இது: “போகாட்டி என்னம்மா? ஆட்டம் பாட்டமெல்லாம் நமக்கு எதுக்கு? படிக்கத்தானே போயிருக்க. படிப்ப மட்டும் பாரு.”

அந்தப் பதில் தவறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை அது. என் அப்பா எனக்குச் சொன்னார். முதுகலை படித்த காலத்தில் துறைச் சுற்றுலாவுக்கும் நான் போகவில்லை, பிரிவு விழாவுக்கும் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு விடுதி அறையில் படுத்திருந்தேன். பாதுகாப்பாக இருக்கிறோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தச் சுற்றுலாவில் எந்தப் பேராசிரியர் எந்த ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் தேடுகிறார் என்ற பேச்சு நடந்தது, அந்த வேலைகள் அங்கேயே பங்கு போடப்பட்டன என்பதெல்லாம் ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

சமூகவியல் படிப்பிலேயே இப்படி என்றால், மருத்துவத்திலும் அறிவியலிலும் இதன் கனம் பல மடங்கு. அந்தப் படிப்புகளைப் புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்து முடிக்க முடியாது. எந்தப் புத்தகத்தை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது, ரெக்கார்டு நோட்டை எப்படி எழுத வேண்டும், வைவாவில் எந்த எக்ஸாமினர் எதைக் கேட்பார், எந்த வார்டில் எந்த பி.ஜி. பொறுமையாகச் சொல்லித் தருவார், யாரோடு டியூட்டிக்குப் போனால் தையல் போடக் கையில் ஊசி கொடுப்பார்கள்... இதெல்லாம் சீனியர் வாய்வழியாகத்தான் வந்து சேரும். அறிவியல் ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான். கருவியை இயக்கக் கற்றுத் தருவதும், கட்டுரையில் பெயர் சேர்ப்பதும், அடுத்த மாநாட்டுக்கு அழைத்துப் போவதும் பழக்கத்தில் நடப்பவை. அந்தப் பழக்கம் தொடங்கும் இடம்தான் ஃப்ரெஷர்ஸ் டே, கல்ச்சுரல்ஸ், ஸ்போர்ட்ஸ் மீட், டூர், விடுதி மெஸ். விழாவில் இல்லாதவர் பெயர் வாட்ஸ்அப் குழுவில் இருக்காது. குழுவில் இல்லாதவருக்கு நோட்ஸ் வராது. நோட்ஸ் வராதவர் இன்டர்னலில் பின்தங்குவார். அப்புறம் “பாத்தியா, கோட்டாவுல வந்தா இப்படித்தான்” என்பார்கள்.

தகுதி என்று அவர்கள் பேசுவதில் பாதி, இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த உதவிதான். நமக்கு அந்த உதவி வரும் வழி அடைக்கப்படுகிறது. அது அடைபடும் இடம் ‘ஜாலிக்காக’ நடக்கும் நிகழ்ச்சி என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை.

இது என் அனுபவத்திலிருந்து மட்டும் சொல்வதல்ல. 2006-இல் இட ஒதுக்கீட்டுக்கு எதிரான போராட்டத்தின் மையமாக இருந்தது டெல்லி எய்ம்ஸ். அங்கே தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரிக்க, அப்போது யுஜிசி தலைவராக இருந்த சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2007-இல் அறிக்கை வந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று சொன்னவர்கள் 69 சதவீதம். கற்பித்தலின்போது பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 72 சதவீதம். வகுப்பறையோடு அந்தக் குழு நிற்கவில்லை. விடுதியில் தொல்லை தாங்காமல் நம் மாணவர்கள் அறை மாறி மாறிக் கடைசியில் குறிப்பிட்ட தளங்களில் ஒதுங்கிப்போனதையும், மெஸ்ஸிலும் விளையாட்டிலும் கலை நிகழ்ச்சிகளிலும் ஒதுக்கப்படுவதையும் பதிவு செய்தது. மருத்துவக் கல்லூரியில் சாதியைப் பற்றி விசாரிக்கப் போனவர்கள் விளையாட்டையும் விழாவையும் ஏன் விசாரித்தார்கள்? இவை ஒன்றோடொன்று கோத்திருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எய்ம்ஸ் நிர்வாகம் அறிக்கையை ஏற்கவில்லை என்பது வேறு கதை.

ரோஹித் வெமுலாவை நினைத்துப் பாருங்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அறிவியல், தொழில்நுட்பம், சமூகம் குறித்து ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த அவருக்கும் மற்ற நால்வருக்கும் கொடுக்கப்பட்ட தண்டனை என்ன? வகுப்புக்கு வரலாம், படிக்கலாம். ஆனால் விடுதியில் இருக்கக் கூடாது, மாணவர்கள் கூடும் பொது இடங்களுக்கு வரக் கூடாது. ஐந்து பேரும் வளாகத்திலேயே திறந்தவெளியில் கூடாரம் போட்டு, அதற்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று பொருள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித்தை இழந்தோம். ‘படிப்பை மட்டும் பார், மற்றதற்கு வராதே’ என்று அதிகாரம் சொன்னதும், அதையே நாம் பாசத்தோடு நம் பிள்ளைகளுக்குச் சொல்வதும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன!

2019 மே மாதம் மும்பையில் டாக்டர் பாயல் தட்வி. பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்து மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர். மூன்று சீனியர் மருத்துவர்கள் மற்றவர்கள் முன்னால் இழிவுபடுத்தினார்கள், பிரசவம் பார்க்கவும் அறுவை அரங்கிலும் வாய்ப்புத் தராமல் ஒதுக்கினார்கள் என்பது குடும்பத்தின் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் ராகிங் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவானது. அதே 2019-இல் ரோஹித்தின் அம்மா ராதிகாவும் பாயலின் அம்மா ஆபிதாவும் சேர்ந்து, வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு அம்மாக்கள் போக வேண்டியிருந்தது.

“தமிழ்நாட்டில் இதெல்லாம் இல்லை, பெரியார் மண்” என்று சிலர் சொல்வார்கள். 2015-இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டு, போராட்டத்துக்குப் பிறகுதான் திரும்பக் கிடைத்தது. 2018 டிசம்பரில் அதே வளாகத்தின் ஒரு மெஸ்ஸில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள்.

இன்னும் சிலர், “இது சாதி இல்லை, ராகிங். எல்லாரும்தான் மாட்டுகிறார்கள்” என்பார்கள். ராகிங்கின் கொடுமை தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. ஆனால் ராகிங் முதல் வருடத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் ராகிங் செய்யப்பட்டவரே சீனியராகி, “வாடா மச்சான்” என்று கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார். ‘எந்தக் கோட்டா’ என்ற கேள்வி மட்டும் ஐந்தரை வருடம் கூடவே வருகிறது. இன்னொன்று, ராகிங் என்பது ஒருவரை இழுத்து வைத்துச் செய்வது. நமக்கு நடப்பது பெரும்பாலும் கூப்பிடாமல் விடுவது. கூப்பிடாமல் விட்டதற்கு யார்மேல் புகார் கொடுப்பது?

அதனால்தான் பதிவு செய்வது முக்கியம். யுஜிசி 2012-இல் கொண்டுவந்த சமத்துவ விதிகள், வகுப்பில் சாதியைச் சொல்லி அடையாளப்படுத்துவதையும், விடுதி, மெஸ், விளையாட்டு மைதானம் போன்ற இடங்களில் பிரித்து வைப்பதையும் பாகுபாடு என்றே வரையறுத்தன. சமவாய்ப்பு மையமும், பாகுபாட்டுப் புகாரைக் கேட்க ஓர் அலுவலரும் இருக்க வேண்டும் என்றன. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? அவர் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா? முதல்வரிடம் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ‘எந்தக் கோட்டா’ போன்ற பேச்சு வந்தால் அன்றைக்கே தேதி, இடம், சொன்னவர், கூட இருந்தவர் என்று நோட்டில் குறித்து வையுங்கள். ஒன்று தனியாகப் பார்த்தால் அற்பம்தான். பத்தைச் சேர்த்து வைத்தால் அது ஆதாரம்.

சீனியராகிவிட்ட தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி விழாக் குழுக்களில் நம் பெயரைக் கொடுப்போம். ஒரே தொகை வசூலிப்பதை எதிர்ப்போம். கல்வி உதவித்தொகை தாமதமாக வரும் மாணவர்கள் இருக்கும் கல்லூரியில், காசு கொடுத்தால்தான் வரவேற்பு என்பது வரவேற்பே இல்லை. மேடையில் நீட் மார்க் கேட்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்வோம். ஏப்ரல் 14 அன்று கல்லூரியிலேயே கூட்டம் நடத்த அனுமதி கேட்போம். பறை அடிக்கத் தெரிந்தவர் கல்ச்சுரல்ஸில் அடிக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி கேட்டபோது “அது சாவுக்கு அடிக்கிறதுப்பா” என்று மறுத்தார்கள். அடுத்த வருடம் ‘நாட்டுப்புறக் கலை’ என்று காசு கொடுத்து வெளியிலிருந்து பறைக் குழுவை வரவழைத்தார்கள். அவன் கூட்டத்தில் நின்று பார்த்தான். கலை வேண்டுமாம், கலைஞன் வேண்டாமாம்.

நாளைக்கு இந்தக் கல்லூரிகளிலிருந்து வரப்போகிறவர்கள்தான் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரப் போகிறார்கள். பக்கத்து அறைத் தோழியை ஐந்து வருடம் ஒதுக்கிப் பழகியவர், சேரியிலிருந்து பிரசவத்துக்கு வரும் பெண்ணை எப்படித் தொடுவார், எப்படிப் பேசுவார்? இந்தக் கேள்வியை மருத்துவக் கல்வியை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். 2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறம், தகவல்தொடர்பு என்று தனிப் பகுதியே இருக்கிறது. அந்த வகுப்புகளில் சாதியைப் பேசுங்கள்.

மனம் தாங்க முடியாமல் போனால் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். 104-உம் இருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் அக்காவையோ அண்ணனையோ கூப்பிடுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும்.

அந்தத் தங்கையிடம் பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். “அட விடுங்கக்கா” என்றாள். இந்த வருடம் அவள் இரண்டாம் ஆண்டு. வரவேற்புக் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறாள். வசூல் கட்டாயமில்லை என்று சண்டை போட்டு முடிவெடுக்க வைத்திருக்கிறாள். மார்க் கேட்பதை நிறுத்த முடியவில்லையாம், அது அடுத்த வருடம் என்கிறாள். போன வாரம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்து, நம் விடுதிகளிலிருந்து வந்த நான்கு பேரைத் தேடிப் பிடித்துத் தன் நோட்ஸைக் கொடுத்திருக்கிறாள்.

“அவங்ககிட்ட என்ன கேட்ட?” என்றேன்.

“சாப்ட்டீங்களான்னு கேட்டேங்க்கா.”

ஜெய் பீம்.