இப்பத்தானே போயிட்டு வந்தே?

மேலே இருக்கிற மூன்று வார்த்தைகளை என் உத்தியோக காலத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய ஒரு பெண், ஆறேழு மாதம் கழித்து மேஜை முன்னால் வந்து தயங்கி நின்று, "சார், மறுபடியும் முழுகாம இருக்கேன்" என்று சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் வாயிலிருந்து வரும் வார்த்தைகள் அவை. சிலர் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், சிலர் எரிச்சலோடு சொல்வார்கள். கேட்கிற பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டது போலத் தலையைக் குனிந்து நிற்பாள்.

வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் 31 வருடம் இருந்தேன். முதலில் டைம் ஆபீஸ், பிறகு பர்சனல் டிபார்ட்மெண்ட். நான் சேர்ந்த காலத்தில் நம் பக்கத்து மில்களில் பெண்கள் என்றால் பெரும்பாலும் கல்யாணம் ஆகாத பிள்ளைகள்தான். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு போவார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று ஊரெல்லாம் பேசப்பட்டது அதுதான். அந்த ஏற்பாட்டில் பிரசவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்போது காலம் மாறிவிட்டது. நாகல்நகரிலிருந்தும் சின்னாளப்பட்டியிலிருந்தும் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மில்லுக்கும் கடைக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் போகிற பெண்களைத் தினமும் பஸ்ஸில் பார்க்கிறோம். வேலை பார்க்கிற பெண்கள் மாறிவிட்டார்கள், மேஜைக்குப் பின்னால் கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர். அவர் மருமகள் ஊரில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். முதல் குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகிறது, இவளுக்கு இது மூன்றாவது மாதம். "அண்ணே, இப்பவே ஆபீஸ்ல சொன்னா வேலைக்கு ஆபத்து வந்துருமோ? வயிறு தெரியுற வரைக்கும் மறைச்சிருன்னு சொல்லிட்டேன்" என்றார். நான் வேறு மாதிரி சொன்னேன். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம். இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் இத்தனை மாதம் இடைவெளி வேண்டும் என்று 1961-ஆம் வருட மகப்பேறு பயன் சட்டத்தில் எங்குமே கிடையாது. 2017-இல் அதைத் திருத்தி 12 வாரத்தை 26 வாரமாக உயர்த்தினார்கள். உயிரோடு இரண்டு குழந்தைகள் இருக்கிற பெண்ணுக்கு மட்டும் பழைய 12 வாரம்தான். ஆகவே இரண்டாவது பிரசவத்துக்கும் முழு 26 வாரச் சம்பளம் உண்டு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்த 26 வாரமும் அதற்கான தகுதியும் அதிலும் அப்படியே இருக்கின்றன.

இரண்டாவது விஷயம் அந்தத் தகுதி. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்களும் லே-ஆப் நாட்களும் அந்த 80-இல் சேரும். நண்பரின் மருமகள் குழந்தைக்கு ஐந்தரை மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்பியவள். இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் பிரசவம். பேறுகால லீவில் போவதற்கு முன்னால் ஏழு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருப்பாள். 80 நாள் என்ன, அதைப்போல இரண்டு மடங்கு தாண்டிவிடும். முதல் பிரசவமாகி இரண்டாவது மாதத்திலேயே உண்டாகிவிட்டால் மட்டும் கணக்கு இடிக்கும். அப்படிப்பட்டவர்கள் காலண்டரை எடுத்து நாட்களை எண்ணிப் பார்த்து, அதற்குத் தக்கபடி லீவைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, எப்போது சொல்வது. இத்தனையாவது மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்று 1961 சட்டம் கெடு வைக்கவில்லை. எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம் என்கிறது. கொடுக்காமல் விட்டாலும், மற்றபடி தகுதி இருந்தால் பயன் போய்விடாது என்றும் சொல்கிறது. அப்படியிருக்க நான் ஏன் சீக்கிரம் சொல்லச் சொல்கிறேன்?

சொல்லாதவளுக்குப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம் என்பதுதான் காரணம். கர்ப்பமாக இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினாலும், அப்படி நீக்காவிட்டால் அவளுக்குக் கிடைத்திருக்கும் மகப்பேறுத் தொகை கிடைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். லீவில் இருக்கும்போது நீக்குவதோ சட்டவிரோதம். ஆனால், "அவள் முழுகாம இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது, வேலை சரியில்லை என்று அனுப்பினோம்" என்று நிர்வாகம் சொன்னால் என்ன செய்வது? தேதி போட்ட ஒரு கடிதமும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோ மெயிலோ இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. அது போக, பிரசவம் நெருங்கும் காலத்தில் கடினமான வேலை, நெடுநேரம் நிற்கிற வேலை கொடுக்கக் கூடாது என்று கேட்கவும் உரிமை இருக்கிறது. மில்லில் ஸ்பின்னிங்கில் நிற்கிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மில்லில் இருந்தவர்களுக்குத் தெரியும். சொன்னால்தானே கேட்க முடியும்?

கடிதத்தில் மன்னிப்பு வேண்டாம். "எதிர்பாராமல் ஆகிவிட்டது, சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்று எழுதுகிற பெண்கள் நிறைய. எதற்கு வருத்தம்? 'நான் கர்ப்பமாக இருக்கிறேன், டாக்டர் சொன்ன தேதி இது, இந்தத் தேதியிலிருந்து லீவு எடுக்க உத்தேசம்' என்று மூன்று வரி போதும். டாக்டர் சான்றிதழின் நகலை இணைத்து, ஒரு பிரதியை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த பிரசவம் உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. ஒரு குழந்தை பிறந்து 24 மாதமாவது கழித்து அடுத்தது உண்டாவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. அதை டாக்டரம்மா சொல்லலாம். மேனேஜர் சொல்ல அவருக்கு என்ன வேலை?

இந்தக் கூச்சமெல்லாம் தனியாரில்தான், அரசாங்க உத்தியோகம் என்றால் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு தர்மபுரி மாவட்டத்து ஆசிரியை உமாதேவியின் வழக்கை நினைவூட்டுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள், இரண்டும் 2012-இல் வேலையில் சேர்வதற்கு முன்பே பிறந்தவை. 2017-இல் விவாகரத்தாகி, குழந்தைகள் தந்தையிடம் இருந்தன. 2018-இல் மறுமணம் செய்துகொண்டார். கர்ப்பமானதும் முறைப்படி 2021 ஆகஸ்ட் முதல் மகப்பேறு விடுப்பு கேட்டார். இரண்டு குழந்தைகளுக்குக் குறைவாக உள்ளவர்களுக்குத்தான் விடுப்பு என்ற விதியைக் காட்டிக் கல்வித்துறை மறுத்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அரசு மேல்முறையீடு செய்ய, 2022 செப்டம்பரில் டிவிஷன் பெஞ்ச் அதை ஏற்றுத் தனி நீதிபதியின் தீர்ப்பை ரத்து செய்தது. கடைசியில் 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மகப்பேறு விடுப்பு ஒரு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது, மக்கள்தொகைக் கட்டுப்பாடும் இந்த விடுப்பும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல, இரண்டையும் இணக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நியாயம் கிடைத்தது. ஆனால் விடுப்பு கேட்டு ஏறக்குறைய நான்கு வருடம் கழித்து.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணம் போட்ட சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நம் மாவட்டத்துக்கு இதில் தனிப் பங்கே உண்டு. டாக்டர் சௌந்தரம் அம்மா 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனையும், ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த குடும்ப நலப் பணியும் நாடு முழுக்கப் பேசப்பட்டவை. ஆனால் அங்கே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், தாய்க்கும் சேய்க்கும் வைத்தியம் பார்த்தார்கள். பெண்களுக்குப் புரிய வைத்துக் குடும்பத்தைச் சிறிதாக்குவது ஒரு வழி. பிள்ளை பெற்றவளின் லீவைப் பிடுங்கித் தண்டிப்பது வேறு வழி. இரண்டாவது வழியில் தண்டனை யாருக்கு? தாய்ப்பாலுக்கு அழுகிற குழந்தைக்கு.

முதலாளி பக்க நியாயத்தையும் பேச வேண்டும். நான் அவர்கள் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவன். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிற சின்ன நிறுவனத்தில் ஒருவர் இரண்டு வருடத்துக்குள் இரண்டு முறை ஆறாறு மாதம் இல்லையென்றால், அந்த வேலையை யாராவது பார்க்க வேண்டும், இரண்டு சம்பளம் கொடுக்க வேண்டும். இது நிஜமான பாரம். ஆனால் அந்தப் பாரத்தைத் தூக்கி அந்தப் பெண்ணின் தலையில் வைப்பதுதான் தப்பு. ஈ.எஸ்.ஐ. இருக்கிற இடத்தில் மகப்பேறுச் சம்பளத்தை முதலாளி கொடுப்பதில்லை, ஈ.எஸ்.ஐ. கொடுக்கிறது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் என்று மாதாமாதம் கட்டுவது இதற்கும் சேர்த்துத்தான். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அந்த வரம்புக்கு வெளியே போய்விடுகிறது, முழுச் செலவும் முதலாளி கையிலிருந்து. அதனால்தான் கல்யாணமான புதிதில் இருக்கிற பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிக்கிறார்கள்.

இந்த ஆபத்தை 1928-லேயே பார்த்தவர் அம்பேத்கர். பம்பாய் சட்டசபையில் மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன், ஆகவே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்றார். மறு வருடம் பம்பாயிலும் 1934-இல் நம் சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்தது. பாரம் மட்டும் முதலாளியிடமே நின்றுவிட்டது. இங்கிலாந்தில் முதலாளி கொடுக்கும் சட்டப்படியான மகப்பேறுத் தொகையில் 92 சதவீதத்தை அரசாங்கம் திருப்பித் தருகிறது. சிறு நிறுவனமென்றால் கொடுத்ததற்கு மேலேயே கொஞ்சம் சேர்த்துத் தருகிறது. வணிகர் சங்கங்களும் தொழில் சங்கங்களும் இதைக் கேட்டுப் போராடினால் நானும் போய் நிற்பேன். அதை விட்டுவிட்டு, பதினெட்டாயிரம் சம்பளத்துக்கு வருகிற பிள்ளையிடம் முகத்தைக் காட்டுவதில் என்ன வீரம்?

கடைசியாக, நம் வீட்டுப் பெரியவர்களுக்கு. ஆபீஸில் கேட்பதற்கு முன்னால் அந்தக் கேள்வியை வீட்டில் நாம்தான் முதலில் கேட்கிறோம். "அதுக்குள்ளயா? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று மாமியார் கேட்டால், அந்தப் பெண் ஆபீஸில் எப்படி நிமிர்ந்து பேசுவாள்? அவள் சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டுகிறோம், அவள் பிள்ளையை நம் பேரன் என்று கொஞ்சுகிறோம். அப்படியானால் சங்கடமும் நம் எல்லோருடையதுதான். மறைத்துவிடு என்று சொல்வதை விட, கடிதம் எழுதும்போது பக்கத்தில் உட்காருவது மேல்.

நண்பரின் மருமகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பெரிய மாமா, 'இப்பத்தானே போயிட்டு வந்தே'ன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?" "ஆமா சார், லெட்டரைக் கொஞ்சம் வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லும்மா" என்றேன். நாலாவது மாதம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட்டாள். அதே கேள்வியைத்தான் கேட்டார்களாம். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். லீவு உத்தரவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அவள் கையில் இப்போது தேதி போட்ட ஒரு காகிதம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெண் தயங்கிக்கொண்டிருந்தால், முதலில் அந்தக் காகிதத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.