பேரம் பேசுங்கள், பேச்சு மாறாதீர்கள்



வீட்டில் ஓரமாகக் கிடக்கும் பொருளை போட்டோ எடுத்து, ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலோ விற்கப் போட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கொஞ்ச நேரத்தில் முதல் மெசேஜ் வந்துவிடும்: 'லாஸ்ட் எவ்வளவு?' பொருள் எப்படி இருக்கிறது, எத்தனை வருஷம் ஆச்சு, எதுவுமே கேட்பதில்லை. 8,000 ரூபாய் என்று போட்டிருந்தால், '3,000னா இப்பவே வந்து எடுத்துக்கறேன்' என்பார்கள். விற்கிறவருக்கு மனசு விட்டுப்போகிறது. 'இதுக்குப் பழைய இரும்புக் கடையிலேயே போட்டிருக்கலாம்' என்று வீட்டில் யாராவது சலித்துக்கொள்வார்கள்.

அப்படியென்றால் பேரம் பேசுவது தப்பா? இல்லவே இல்லை.

புதுப் பொருளின் பெட்டி மேல் எம்ஆர்பி இருக்கிறது. நாலு வருஷம் ஓடிய வாஷிங் மெஷினுக்கு யார் எம்ஆர்பி போடுவது? இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஓடியதா, ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஓடியதா? நல்ல தண்ணீரில் ஓடியதா, உப்புத் தண்ணீரிலா? சர்வீஸ் செய்தார்களா? இதையெல்லாம் கேட்டுப் பேசித்தான் ஒரு விலைக்கு வர முடியும். பழைய பொருளுக்கு விலை பிறப்பதே பேரத்தில்தான். நான் கேட்பதெல்லாம், அந்தப் பேரத்தைக் காரணத்தோடு பேசுவோம் என்பதுதான்.

சந்தையில் கீரைக்கார அம்மாவிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்டால் அவர் முகம் சுருங்குவது நமக்குத் தெரியும். நாளைக்கும் அவரிடம்தானே போயாக வேண்டும்? அதனால் ஒரு அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். போனில் அந்தக் கூச்சம் இருப்பதில்லை. எதிரில் இருப்பவர் வெறும் ஒரு புரொஃபைல் படம்தான்.

ஆனால் அந்தப் பக்கம் இருப்பது யார்? டிரான்ஸ்ஃபர் வந்து, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய குடும்பம். படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் பிள்ளை. அம்மா இறந்தபிறகு, அவர் படுத்திருந்த ஹாஸ்பிடல் கட்டிலைப் பார்க்கவே முடியாமல் கொடுத்துவிட நினைக்கும் மகள். அவர்களுடைய அவசரம் தெரிந்த பிறகும் விலையை இன்னும் கீழே அமுக்குவது சாமர்த்தியமா? நம் வீட்டுக்கு அப்படி ஒரு அவசரம் வந்தால் அதை நாம் ஏற்றுக்கொள்வோமா?

வாங்குகிறவர் பக்கமும் நியாயம் உண்டு. விற்பவர் மனதில் நிற்பது, தான் அன்றைக்குக் கொடுத்த விலை. வாங்குபவர் பார்ப்பதோ, இன்றைக்குக் கடையில் புதுசு என்ன விலை என்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பாதிச் சண்டை வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும், 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கும், 350 சிசி வரையிலான பைக்குக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதுசு விலை இறங்கினால் பழசின் விலையும் இறங்கத்தானே செய்யும்? அதற்கு முன்னால் வாங்கிய பில்லை வைத்துக்கொண்டு விலை சொன்னால் பொருள் நகராது.

ஏசி வாங்குகிறவருக்கு, கழற்றுவது, வண்டியில் ஏற்றுவது, மாட்டுவது, தேவைப்பட்டால் கேஸ் நிரப்புவது என்று தனிச் செலவு இருக்கிறது. ஸ்டார் லேபிளிலும் எந்த வருஷத்துக்கானது என்று பார்க்க வேண்டும்; பழைய 5 ஸ்டார் இன்றைய அளவுகோலில் 5 ஸ்டாராக இருக்காது. 'மாட்டுற செலவு இவ்வளவு ஆகுது, அதனால இந்த விலைக்குத் தர முடியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் கோபம் வராது. காரணம் சொல்லிக் கேட்டால் விற்பவரும் யோசிப்பார். வெறும் 'பாதிக்குத் தர்றீங்களா?' என்றால் பதில்கூட வராது.

விற்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கீறலையும் சேர்த்தே போட்டோ எடுங்கள். ரிப்பேர் பார்த்திருந்தால் சொல்லிவிடுங்கள். குறையை முதலிலேயே சொல்லிவிட்டால், அதைக் காட்டி விலை குறைக்க யாராலும் முடியாது. எவ்வளவு குறைப்பீர்கள் என்பதை வீட்டில் கலந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். குறைக்க மனசில்லை என்றால் 'ஃபிக்ஸட்' என்று எழுதிவிடுங்கள்.

பைக், ஸ்கூட்டர் என்றால் விலையோடு பேச்சு முடிந்துவிடாது. ஆர்சி பெயர் மாற்றும் செலவு யாருடையது, லோன் இருந்தால் பேங்க் என்ஓசி கையில் இருக்கிறதா என்பதும் பேரத்தில் சேர வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தாகாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். பழைய போன் வாங்கினால் *#06# அழுத்தி, வருகிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, கேஒய்எம் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, 14422-க்கு எஸ்எம்எஸ் செய்து பாருங்கள். திருட்டுப் போன் என்று பதிவாகி முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும்.

மிக முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். பேரமே பேசாதவரிடம்தான் அதிக எச்சரிக்கை தேவை. சொன்ன விலைக்கு உடனே சரி என்பார். பொருளைப் பார்க்கவே வர மாட்டார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். 'க்யூஆர் கோட் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போட்டா பணம் வந்துடும்' என்பார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்காமல், உங்கள் பேங்க் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல், நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை இன்றே சொல்லிவையுங்கள்.

கடைசியாக, பேச்சு மாறுவதைப் பற்றி. போனில் 6,000 என்று பேசி முடித்துவிட்டு, சாயங்காலம் வாசலில் வந்து நின்று 'நாலுதான் கையில இருக்கு' என்கிறார் ஒருவர். இன்னொரு வீட்டில், குட்டி யானை பிடித்துக்கொண்டு பொருளை எடுக்க வந்தவரிடம், 'கூட 500 தர்றேன்னு ஒருத்தர் சொன்னார், கொடுத்துட்டோம்' என்கிறார்கள். லாபம் சில நூறு ரூபாய். போனது வாக்கு. போய்ப் பார்க்கும்போது சொல்லாத குறை ஏதாவது தெரிந்தால் விலையைத் திரும்பப் பேசலாம், அது நியாயம். அப்படி ஒன்றும் இல்லாதபோது பேசிய விலைதான் விலை. வாங்க மனம் மாறிவிட்டால் 'வேண்டாங்க' என்று ஒரு மெசேஜ் போதும்; காத்திருப்பவர் அடுத்தவருக்காவது கொடுப்பார்.

கோடை லீவில் வீடு மாறுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். பீரோவும் கட்டிலும் சைக்கிளும் அப்போது கை மாறும். இருவருக்கும் கட்டுப்படியாகிற விலையில் நீங்கள் முடித்த பேரம் ஏதாவது இருந்தால், எப்படிப் பேசினீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம். படிக்கிற இன்னொரு குடும்பத்துக்கு அது உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்