ஒழுங்கீனமும் போலீஸாரும்

தெருக்களில் ஒழுங்கீனம் மிகும்போதெல்லாம் போலீஸாருக்கு இன்னும் அதிகாரம் அளிக்க வேண்டுமென்ற கூக்குரல் கிளம்புவது வழக்கம். அதை எழுப்புவோர் அமெரிக்க அநுபவத்தைச் சற்றுக் கவனிப்பது நலமென்று கருதுகிறோம்.

விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் சட்டம் போதித்த ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் என்பவர் 1979-ம் வருஷத்தில் ஒரு வியாசம் வெளியிட்டார். போலீஸார் தனித்தனிச் சம்பவங்களின் பின்னால் ஓடுகிறார்களேயன்றி, ஒரே இடத்தில் ஒரேவிதமான குற்றம் ஏன் மீண்டும் மீண்டும் நிகழ்கிறதென்று விசாரிப்பதில்லை என்பது அவர் கட்சி. 1980-களில் விர்ஜீனியா மாகாணத்து நியூபோர்ட் நியூஸ் நகரில் இம்முறை பரீக்ஷிக்கப்பட்டது. அங்கே பிரையர்பீல்ட் என்னும் குடியிருப்பில் சுமார் 450 வீடுகள். கன்னக்களவுக்குப் பெயர்போன இடம். போலீஸார் வீடுவீடாகச் சென்று கேட்டார்கள். திருட்டோடு, வீடுகளின் சீர்கேடும் குடியிருப்போரை வாட்டுவதாகத் தெரிந்தது. உளுத்த கதவும் ஜன்னலும் திருடனுக்குத் தாமே வழிவிட்டன. நகரின் மற்ற இலாகாக்களையும் கூட்டிக்கொண்டு குப்பையை அகற்றினார்கள், கைவிடப்பட்ட மோட்டார்களை அப்புறப்படுத்தினார்கள், பள்ளங்களைத் தூர்த்தார்கள். கன்னக்களவு 100-க்கு 35 வீதம் குறைந்தது. தடிக்கு இங்கே வேலை ஏது?

ஆனால் அதே தேசத்தில் வேறொரு கொள்கையும் செல்வாக்குப் பெற்றது. சிறு ஒழுங்கீனத்தை விட்டுவைத்தால் பெருங்குற்றம் வளருமென்று 1982-ல் வில்ஸன், கெல்லிங் என்ற இருவர் எழுதினர். அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. அக்கொள்கையின் நிழலில் நியூயார்க் போலீஸார் செய்ததென்ன? 2011-ம் வருஷத்தில் மட்டும் சுமார் 6,85,000 தடவை ஜனங்களை வழிமறித்தனர். அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சமீபமானவற்றில் கைதுமில்லை, சம்மனுமில்லை. மறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலார் கறுப்பரும் ஸ்பானிய வமிசத்தாருமே. 2013-ல் ஒரு பெடரல் நீதிபதி இம்முறை நடத்தப்பட்ட விதம் அரசியல் சட்டத்துக்கு விரோதமெனத் தீர்ப்பளித்தார்.

நம் நாட்டில் எவ்வழி பின்பற்றப்படுகிறது? பொது இடத்தில் குடித்துக் கிடப்பதையும் ஒழுங்கீனமாக நடப்பதையும் தண்டிக்கும் 75-வது பிரிவு, வெள்ளையர் ஆட்சியில் 1888-ல் பிறந்த சென்னை நகரப் போலீஸ் சட்டத்தில் உள்ளது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டு வராந்தாவில் ஒரு நாழிகை நின்றவர்களுக்கு 'பெட்டி கேஸ்' என்பதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. 1993-ல் இராமநாதபுரத்தில் 'போலீஸ் நண்பர்கள்' அமைப்புத் தோன்றியபோது நல்ல நோக்கத்துடனேயே தோன்றியது. 2020-ல் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்குமேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் நிலையத்தில் வதைபட்டுப் பின்னர் மாண்டனர். அவ்வமைப்பின் பேரிலும் புகார் எழவே, சர்க்கார் அதைத் தடை செய்தனர். தொண்டர்களுக்குத் தடை விதிப்பது எளிது. நிலையத்தின் வழக்கத்தை மாற்றுவதல்லவோ கடினம்!

புதிய அதிகாரம் கோருமுன் ஒன்று செய்யட்டும். 75-வது பிரிவின்கீழ் எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எத்தனை வழக்குகள் போடப்பட்டன என்பதை நிலையவாரியாகப் பிரசுரிக்கட்டும். அத்தெருவில் விளக்கு எரிகிறதா, மதுக்கடை எத்தனை கஜ தூரத்தில் இருக்கிறது என்பதையும் அருகிலேயே குறிக்கட்டும். பதிவேடுகள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.