வரும் நாளின் அப்பம்



பரமண்டல ஜெபத்தில் "வேண்டிய ஆகாரம்" என்று நாம் சொல்லுமிடத்தில், கிரேக்க மூலத்தில் "எபியூசியோஸ்" என்னும் அடைமொழி நிற்கிறது. மத்தேயு 6:11, லூக்கா 11:3 தவிர, புதிய ஏற்பாட்டில் அது வேறெங்கும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன் கிரேக்கத்திலேயே பேசி எழுதியவர். அவரே, இச்சொல்லை அறிஞரும் பாமரரும் வழங்கக் காணோம், சுவிசேஷகரே ஆக்கியிருக்க வேண்டும் என்று கருதினார். எகிப்தில் கிடைத்த பழைய செலவுக் கணக்கொன்றில் அச்சொல் இருப்பதாக 1889-ல் ஒருவர் வாசித்தார். காணாமற்போன அந்த ஏடு நூறாண்டுக்குப் பின் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. மறுபடி வாசித்தால், அங்கிருந்தது "எண்ணெய்"!

எனவே இலக்கணமே நமக்குத் துணை. "ஊசியா" என்றால் உள்பொருள். அதிலிருந்து இச்சொல்லை வருவித்து, பொருள்களுக்கு மேலான அப்பம், அதாவது திருவிருந்து, என்றனர் சிலர். ஜெரோம் லத்தீனில் மத்தேயுவுக்கு இப்படியும் லூக்காவுக்கு "அன்றாட" என்றும் பெயர்த்தார். ஒரே சொல்லுக்கு இரு பெயர்ப்பு! என் மனம் இதை ஏற்கவில்லை. "எபி" உயிரெழுத்துக்கு முன் வந்தால் அதன் இகரம் பெரும்பாலும் கெடும், இங்கே கெடவில்லை. அப்போஸ்தலர் 16:11-ல் மறுநாளைக் குறிக்கும் "எபியூசா" என்னும் சொல்லோ இதன் உடன்பிறப்பைப் போலிருக்கிறது. ஆகவே "வரும் நாளுக்குரிய அப்பம்" என்றே கொள்ளுகிறேன். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற கர்த்தர் நாளைய உணவைக் கேட்கச் சொல்வாரா என்பீர்கள். கேட்டு ஒப்படைத்தவனுக்குத்தானே கவலை நீங்கும்?

வினைச்சொல்லையும் பாருங்கள். மத்தேயுவில் "டோஸ்": இன்று தந்தருளும். லூக்காவில் "டிடூ": நாள்தோறும் தந்துகொண்டேயிரும். தமிழின் "தாரும்" இவ்வேற்றுமையைக் காட்டாது. ஆனால் தமிழ் ஒன்றைக் காட்டுகிறது: "எனக்கு" அல்ல, "எங்களுக்கு".

அந்த "எங்களில்" உங்கள் வீட்டில் வேலை செய்பவரும் உண்டு. சனிக்கிழமை மாலை அவருக்குச் சேரவேண்டிய கூலியைத் திங்களுக்குத் தள்ளிவிட்டு, ஞாயிறு காலையில் அவரோடு நின்று இந்த விண்ணப்பத்தை எப்படிச் சொல்லுவீர்கள்? கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கலாகாது என்பதே லேவியராகமம் 19:13-ன் கட்டளை. விடிந்ததும் அவர் வீட்டு அடுப்பில் உலை ஏறுவது அந்தக் கூலியால்தான்.