கொலையாளி யார் என்று கேட்காத ஒரு கொலைப்படம்

துப்பறியும் படம் என்றால் நமக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டு. முதலில் ஒரு பிணம் கிடைக்க வேண்டும். நால்வர் மீது ஐயம் எழ வேண்டும். கடைசியில் ஐந்தாவது ஆள் கையில் விலங்கு விழ வேண்டும். நாமும் தீமை பிடிபட்டது என்ற நிம்மதியோடு வீடு திரும்புவோம். 2023 அக்டோபர் 20 அன்று திரைக்கு வந்த 'கில்லர்ஸ் ஆஃப் த ஃபிளவர் மூன்' என்ற ஆங்கிலப் படம் இந்த நிம்மதியைத் தர மறுக்கிறது. ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஓடும் இப்படத்தில், கொலைகளுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. இயக்கியவர் மார்ட்டின் ஸ்கோர்செசி. இளமையில் குருமடத்தில் சில காலம் பயின்றவர். ஜப்பானில் இயேசு சபையினர் பட்ட பாடுகளை 'சைலன்ஸ்' என்ற பெயரில் 2016-இல் படமாக்கியவர்.

படம் சொல்வது நடந்த வரலாறு. அமெரிக்க முதற்குடிகளில் ஒரு பிரிவினரான ஒசேஜ் மக்கள், கான்சாஸிலிருந்து வெளியேற்றப்பட்டபின் 1870-களில் இன்றைய ஓக்லகோமா மாநிலத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். பாறையும் மேடுமான அந்த மண்ணை வெள்ளையர் விரும்பமாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பாறைக்கு அடியில் எண்ணெய் இருந்தது. 1906-ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியலில் இடம்பெற்ற 2,229 பேருக்கு எண்ணெய் வருமானத்தில் ஆளுக்கொரு பங்குரிமை கிடைத்தது. 'ஹெட்ரைட்' என்று பெயர். அதை விற்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும். 1923-ஆம் ஆண்டு மட்டும் இம்மக்களுக்குக் கிடைத்த தொகை 3 கோடி டாலருக்கும் மேல்.

விற்க முடியாத பங்கை அடைய வேண்டுமானால் என்ன வழி? உரியவரை மணக்க வேண்டும். பிறகு அவர் சாக வேண்டும்.

இதற்கு முன்பே சட்டம் வேறொரு கதவையும் திறந்து வைத்திருந்தது. ஒசேஜ் இரத்தம் பாதியோ அதற்கு மேலோ உள்ளவர், தம் பணத்தைக் கையாளும் திறன் தமக்கு உண்டென்று நிரூபிக்கும்வரை, ஒரு 'பாதுகாவலரின்' கீழ் இருக்க வேண்டும். பாதுகாவலர் பெரும்பாலும் உள்ளூர் வெள்ளைக்கார வணிகரோ வழக்கறிஞரோதான். 1925-க்கு முன் இவர்கள் நேரடியாகச் சுருட்டிய தொகை குறைந்தது 80 லட்சம் டாலர் என்று ஓர் அரசு ஆய்வு மதிப்பிட்டது. படத்தில் மோலி என்ற பெண் தன் சொந்தப் பணத்தைக் கேட்க அலுவலகத்துக்குப் போகிறாள். அங்கே அவள் தன் பெயரைச் சொல்லி, 'திறனற்றவள்' என்றும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்கிறாள். எதிரே இருப்பவர் மரியாதையாகத்தான் பேசுகிறார். துப்பாக்கி வெடிக்கும் காட்சிகளைவிட இந்தக் காட்சிதான் நம்மை அதிகம் உலுக்கியது. இனவெறி என்றவுடன் நாம் முகமூடியையும் எரியும் சிலுவையையும் கற்பனை செய்கிறோம். இங்கே அது ஒரு மேசை, ஒரு பேரேடு, ஒரு புன்னகை.

மோலி பர்க்கார்ட் உண்மையில் வாழ்ந்தவர். 1921 மே மாதம் அவருடைய அக்கா அன்னா தலையில் குண்டு பாய்ந்து ஒரு பள்ளத்தாக்கில் கிடந்தார். சில வாரங்களில் தாய் லிஸி இறந்தார். 1923 மார்ச்சில் தங்கை ரீட்டாவின் வீடு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. குடும்பத்தின் ஹெட்ரைட்கள் ஒவ்வொன்றாக மோலியிடம் வந்து சேர, மோலியின் உடல்நலமும் குன்றியது. பின்னணியில் இருந்தவர் வில்லியம் ஹேல். பண்ணை முதலாளி, ஒசேஜ் மக்களின் நண்பர் என்று பெயரெடுத்தவர். மோலியின் கணவர் எர்னெஸ்ட் அவருடைய மருமகன், உடன்பிறந்தாள் மகன். எர்னெஸ்ட் மனைவியை நேசித்தாரா என்றால், படம் ஆம் என்றே காட்டுகிறது. நேசித்துக்கொண்டே மாமனின் சொற்படி நடந்தார்.

அருள்பணியாளர்களாகிய நாம் ஒரு செய்தியைக் கடந்துபோக முடியாது. மோலி பக்தியுள்ள கத்தோலிக்கர். தவறாமல் திருப்பலிக்கு வந்தவர், ஒரு கட்டத்தில் வரவில்லை. பங்குத்தந்தை கவலையுற்றார். 1925-இன் இறுதியில் மோலியிடமிருந்து அவருக்கு ஓர் இரகசியச் செய்தி வந்தது: தன் உயிருக்கு ஆபத்து. படத்துக்கு மூலமான நூலை 2017-இல் எழுதிய டேவிட் கிரான் இதைப் பதிவு செய்திருக்கிறார். மருத்துவரும் கணவரும் ஊர்ப் பெரியவர்களும் சூழ்ந்திருந்த வீட்டில், அவர் நம்பி ஆள் அனுப்ப முடிந்த ஓரிடம் பங்கு இல்லம். 1926 சனவரியில் ஹேலும் எர்னெஸ்ட்டும் கைதாகி, அவர்களின் பிடியிலிருந்து விலக்கப்பட்ட பிறகு மோலி உடல் தேறினார்.

படம் உருவான விதத்துக்கு வருவோம். முதலில் எழுதிய திரைக்கதையில் நாயகர் புலனாய்வு அதிகாரி டாம் வைட். அந்த வேடம் லியோனார்டோ டிகாப்ரியோவுக்கு. வெளியிலிருந்து வந்த நல்லவர் ஊரைக் காப்பாற்றும் வழக்கமான கதை அது. ஸ்கோர்செசி கிரே ஹார்ஸ் ஊரில் ஒசேஜ் மக்களைச் சந்தித்து அவர்கள் பேசக் கேட்டார். கொலையுண்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். பிறகு திரைக்கதை திருத்தி எழுதப்பட்டது. டிகாப்ரியோ கணவர் எர்னெஸ்ட் ஆனார். அதிகாரி படத்தில் தோன்றுவதற்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. பெருந்தொற்றால் தள்ளிப்போன படப்பிடிப்பு, 2021 ஏப்ரலில் ஒசேஜ் மண்ணிலேயே தொடங்கியது. அம்மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசிய கடைசி மூதாட்டி 2005-இல் மறைந்துவிட்டார். மறுபடி கற்றுக்கொண்ட தலைமுறை இப்படத்தின் நடிகர்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது. மோலியாக நடித்த லில்லி கிளாட்ஸ்டன் பிளாக்ஃபீட், நெஸ் பெர்ஸ் குடிகளின் வழிவந்தவர். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அமெரிக்க முதற்குடிப் பெண். 2024-இல் படத்துக்குப் பத்துப் பரிந்துரைகள் இருந்தும் விருது ஒன்றுகூட இல்லை. அது பெரிய இழப்பென்று நாம் கருதவில்லை.

பெரிய கேள்வியை எழுப்பியவர் மொழி ஆலோசகர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் கோட். படம் மோலியின் பார்வையில் இருந்திருக்க வேண்டும், அதைச் செய்ய ஓர் ஒசேஜ் மகனோ மகளோ வேண்டும் என்ற கருத்தை அவர் வெளியீட்டு விழாவிலேயே சொன்னார். இது நியாயமான குறை. 20 கோடி டாலர் செலவிட்டு எடுத்த படமும் கொலைகாரக் கணவரின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் மோலியைப் பார்க்கிறது. ஆனாலும் அந்தக் கோணத்தில் ஒரு பயன் உண்டென்று நமக்குப் படுகிறது. அதிகாரியோடு நடந்தால் நாம் நீதியின் பக்கம் நிற்பதாக எண்ணிக்கொள்வோம். எர்னெஸ்ட்டோடு நடக்கும்போது அந்த ஆறுதல் கிடைக்காது. ஹேல் 1929-இல் ஆயுள் தண்டனை பெற்று 1947-இல் வெளியே வந்தார். எர்னெஸ்ட்டுக்குப் பின்னாளில் மாநில ஆளுநர் மன்னிப்பே வழங்கினார். அன்றைய மருத்துவர்கள், காப்பீட்டு முகவர்கள், பாதுகாவலர்கள் பலர் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. கொலைகளின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை ஏறத்தாழ 24. உண்மைத் தொகை அதைவிட மிக அதிகம் என்பது கிரானின் முடிவு.

ஒசேஜ் மண்ணில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த அதே 2021 மே மாதத்தில், ஓக்லகோமா அரசு ஒரு சட்டம் இயற்றியது. இனத்தின் காரணமாக மாணவர் எவரும் குற்றவுணர்வோ மனவேதனையோ கொள்ள வேண்டும் என்று வகுப்பில் கற்பிக்கக் கூடாதென அது சொன்னது. இதைக் கண்டு அஞ்சி, அம்மாநில ஆசிரியை ஒருவர் கிரானின் நூலை வகுப்பில் வைக்காமல் நிறுத்தினார் என்ற செய்தி வந்தது. நடந்த இடத்திலேயே நடந்ததைச் சொல்லத் தயங்கும் நிலை! 2024 சூனில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அச்சட்டத்தின் சில பகுதிகளை நிறுத்தி வைத்தார். ஆசிரியரின் அச்சத்தை எந்த நீதிமன்ற ஆணை நிறுத்தும் என்பது வேறு கேள்வி.

இன்னொன்றும் உண்டு, சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 1925-இல் அமெரிக்கப் பேரவை சட்டத்தைத் திருத்தி, பாதியளவோ அதற்கு மேலோ ஒசேஜ் இரத்தம் உள்ளவரின் ஹெட்ரைட் ஒசேஜ் அல்லாதவருக்கு வாரிசுரிமையாகப் போவதைத் தடுத்தது. அதற்கு முன் போனவை போனவைதான். படம் வெளியான காலத்தில் மொத்த ஹெட்ரைட்களில் ஏறத்தாழ கால் பங்கு ஒசேஜ் அல்லாதவர் கையில் இருந்தது. அவர்களில் தனியாட்கள் உண்டு, பல்கலைக்கழகங்கள் உண்டு, கிறிஸ்தவக் கோவில்களும் உண்டு. அன்பளிப்பாக வந்தவை, உயில் வழி வந்தவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கலாம். தாமாகத் திருப்பித் தர விரும்புவோருக்குச் சட்டத்தில் வழி எளிதாக்கப்பட வேண்டும் என்று ஒசேஜ் அரசு அமெரிக்கப் பேரவையைக் கேட்டுள்ளது. ஹெட்ரைட் தொகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மார்ச், சூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் வழங்கப்படுகிறது.